கடலுக்கடியில் கடன் மூச்சு

ஸ்கூபா டைவிங் போட்டோக்களை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? மீனைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். வாயில் ஒரு ரெகுலேட்டர் இருக்கும். விலா எலும்புப் பக்கம் பளிச்சென்று மஞ்சள் நிறத்தில் இன்னொன்று செருகியிருக்கும். ஒரு வாய்க்கு எதற்கு இரண்டு?

இரண்டாவது அவருக்கானது இல்லை. பக்கத்தில் நீந்தும் கூட்டாளிக்கானது. அவருடைய காற்று தீர்ந்தால் இதைக் கொடுக்க வேண்டும். இந்த உபரி ரெகுலேட்டருக்கு ஆக்டோபஸ் என்று பெயர். சிலிண்டரின் தலையிலிருந்து நாலா பக்கமும் குழாய் குழாயாகப் போவதால் வந்த பட்டப்பெயர்.

பார்த்தால் சாதாரண விஷயம். ஒரு ரப்பர் குழாய், அதன் நுனியில் ஒரு மவுத்பீஸ். ஆனால் கூஸ்தோவின் அக்வாலங் வந்து இருபது வருஷத்துக்கும் மேல் இது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிய பிறகும் எல்லோரும் மாட்டிக்கொள்ள இன்னும் பல வருஷம் ஆனது. ஏன் இவ்வளவு தாமதம் என்பதுதான் இந்தக் கட்டுரை. (நான் கடலில் இறங்கியது முழங்கால் ஆழம் வரைதான். படித்ததை வைத்துத்தான் எழுதுகிறேன், பயப்படாதீர்கள்.)

முதலில் கொஞ்சம் கணக்கு. பிசிக்ஸ் பிடிக்காதவர்களும் இந்த ஒரு பத்தியைப் பொறுத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 20 மீட்டரில் நம்மைச் சுற்றி மூன்று மடங்கு அழுத்தம். நாம் இழுக்கும் காற்றும் அதே அழுத்தத்தில் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சு விரியாது. அதாவது கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 20 மீட்டரில் சிலிண்டரிலிருந்து 60 லிட்டரைக் காலி செய்கிறார். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அடைத்தால் 2400 லிட்டர். 40 நிமிடம் வரும், அதுவும் பதறாமல் இருந்தால். பதறினால் மூச்சு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிடும்.

இன்னொன்று. காற்று தீர்ந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சர்ரென்று மேலே வந்துவிடலாமே என்று தோன்றும். வரக்கூடாது. 10 மீட்டரில் நுரையீரலில் இருக்கும் காற்று மேல்மட்டத்துக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியும். வாயை மூடிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழியும். ஊதிக்கொண்டே வர வேண்டும், மெதுவாக வர வேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகம் என்றால் 20 மீட்டரிலிருந்து மேலே வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. கையில் காற்றில்லாத மனிதனுக்கு இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று மூக்கைப் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கதைக்கு வருவோம்.

ஜோடியாக இறங்கும் வழக்கம் ஸ்கூபாவை விட நூறு வருஷம் மூத்தது. 1782 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் அருகே ஸ்பிட்ஹெட்டில் ராயல் ஜார்ஜ் என்ற போர்க்கப்பல் ரிப்பேருக்காகச் சாய்த்து நிறுத்தியிருந்தபோதே மூழ்கிப்போனது. 800 பேருக்கு மேல் செத்தார்கள். சிதைந்த கப்பல் துறைமுகத்தின் வாசலிலேயே கிடந்து இடைஞ்சல் செய்தது. 1839ல் கர்னல் சார்லஸ் பேஸ்லி என்ற ராணுவ என்ஜினியர் அதை வெடிவைத்து அகற்றும் வேலையில் இறங்கினார். அகஸ்டஸ் சீபேயின் செம்பு ஹெல்மெட், ரப்பர் பூசிய உடை, மேலே படகிலிருந்து பம்ப் அடித்துக் குழாய் வழியாகக் காற்று. பேஸ்லி தன் ஆட்கள் தனியாக இறங்கக்கூடாது, இரண்டிரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கூட்டாளி முறைக்கு எழுத்தில் கிடைக்கும் முதல் சான்று இதுதான் என்கிறார்கள். அதே வேலையில் ஒருவரின் காற்றுக் குழாய் சிக்கிக்கொள்ள, அதை வெட்டிவிட்டு நீந்தி மேலே வந்த சம்பவமும் பதிவாகியிருக்கிறது.

ஆனால் கவனியுங்கள், பேஸ்லியின் கூட்டாளியால் மூச்சைத் தர முடியாது. அவரவர் ஹெல்மெட், அவரவர் குழாய். சிக்கெடுக்கலாம், கயிற்றை ஆட்டிச் செய்தி சொல்லலாம், அவ்வளவுதான்.

நம்ம ஊர் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பிலும் இரண்டு பேர் கணக்கு உண்டு. ஒருவர் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார், இன்னொருவர் தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள், தங்கச்சி தாலிக்காகவாவது கைவிட மாட்டான் என்று சொல்வது உண்டு. மலையேறினாலும் மச்சான் துணை வேண்டும் என்ற பழமொழிக்கும் இதே விளக்கம்தான் சொல்கிறார்கள். உண்மையோ கதையோ, விஷயம் புரிகிறது: கயிறு பிடிப்பவனுக்கும் ஏதாவது பணயம் இருக்க வேண்டும்! ஆனால் இங்கேயும் மச்சான் மேலே, மாப்பிள்ளை கீழே. தண்ணீருக்கடியில் இரண்டு பேரும் சேர்ந்து நீந்துவது, ஒருவர் மூச்சை இன்னொருவர் வாங்குவது எல்லாம் காற்றை முதுகில் சுமந்த பிறகுதான்.

அந்த ரெகுலேட்டர் கதை தனி சினிமா. 1860ல் பெனுவா ருகெரோல் என்ற பிரெஞ்சு சுரங்க என்ஜினியர், இழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும் கருவிக்கு பேட்டன்ட் வாங்கினார். பிறகு கடற்படை அதிகாரி ஒகுஸ்த் தெனேருஸுடன் சேர்ந்து அதைத் தண்ணீருக்கு மாற்றினார். ஆனால் அன்றைய சிலிண்டர்கள் அதிக அழுத்தம் தாங்காது, எனவே மறுபடி மேலிருந்து குழாய்தான். அதற்கப்புறம் இரண்டாம் உலகப்போர். ஜெர்மனி பிடித்த பிரான்சில் பெட்ரோல் கிடையாது. கார்களைக் கரி எரித்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். அதற்கு ஒரு வால்வு செய்திருந்தவர் ஏர் லிக்விட் கம்பெனியின் எமில் கன்யான். 1942 டிசம்பரில் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ அவரைப் பாரீஸில் சந்தித்துத் தன் தேவையைச் சொல்ல, அந்த வால்விலிருந்து பிறந்ததுதான் அக்வாலங். 1943 ஜனவரியில் மார்ன் நதியில் சோதனை, ஜூனில் மத்தியதரைக் கடல். கார் வால்வு மனிதனை மீனாக்கியது என்று வசனம் எழுதலாம், வேண்டாம்.

அக்வாலங்கில் ஒருவருக்கு ஒரு மவுத்பீஸ். அதன் இரண்டு பக்கமும் யானைத் தும்பிக்கை மாதிரி மடிப்பு மடிப்பாக இரண்டு குழாய்கள் காதோரமாக முதுகுக்குப் போகும். ஒன்றில் காற்று வரும், இன்னொன்றில் மூச்சு வெளியேறும். உபரி என்று எதுவும் கிடையாது.

கூஸ்தோவின் குழுவே முதல் பாடத்தைக் கற்றது. 1946 ஆகஸ்டில் தெற்கு பிரான்சின் ஃபோன்தேன் த வோக்லூஸ் என்ற ஊற்றுக்குள் கூஸ்தோவும் பிரெடெரிக் துமாவும் இறங்கினார்கள். தரைக்கடியில் இறங்கும் இருட்டுக் குகை அது. இருவரையும் கயிற்றால் இணைத்திருந்தார்கள், மேலே வழிகாட்டிக் கயிற்றை மோரிஸ் ஃபார்க் பிடித்திருந்தார். இத்தனை இழுப்பு என்றால் கயிறு விடு, இத்தனை இழுப்பு என்றால் மேலே தூக்கு என்று சங்கேதம். ஆழத்தில் இருவருக்குமே தலை சுற்றியது, நிதானம் போனது. துமாவின் வாயிலிருந்து மவுத்பீஸ் நழுவியது. கூஸ்தோ கயிற்றைப் பிடித்து ஏறப் பார்க்க, மேலே ஃபார்க் அந்த அசைவைக் கயிறு கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கயிறு விட்டார்! கடைசியில் ஏதோ சரியில்லை என்று தோன்றி அவர் தூக்கியதால்தான் இருவரும் பிழைத்தார்கள். பிறகு சிலிண்டர் காற்றைச் சோதித்தால் கார்பன் மோனாக்சைடு. காற்றடைத்த கம்ப்ரஸர் தன் புகையைத் தானே உறிஞ்சியிருக்கிறது.

இந்தச் சம்பவத்தைத் துணை இருந்தால் பிழைக்கலாம் என்பதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பேரும் ஒரே கம்ப்ரஸரின் காற்றைத்தான் சுமந்தார்கள். துமாவுக்கு கூஸ்தோ தன் மவுத்பீஸைக் கொடுத்திருந்தாலும் அதே விஷத்தைத்தான் கொடுத்திருப்பார். காப்பாற்றியது மேலே நல்ல காற்றில் நின்றவர்.

அந்த ஃபார்க் அடுத்த வருஷமே இறந்தார். 1947ல் எவ்வளவு ஆழம் போக முடியும் என்ற சோதனை. கயிற்றில் குறித்த ஆழங்களில் பலகைகள் கட்டியிருந்தார்கள். போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். சுமார் 120 மீட்டர் பலகையில் அவர் கையெழுத்து இருந்தது. கயிற்றில் பதில் வருவது நின்றதும் மேலே இழுத்தார்கள். மவுத்பீஸ் மார்பின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அக்வாலங் மாட்டி இறந்த முதல் ஆள் அவர்தான் என்று சொல்லப்படுகிறது.

கருவி அமெரிக்கா போனதும் நிலைமை மாறியது. கூஸ்தோ குழு கடற்படை ஆட்கள். கலிபோர்னியாவில் யார் வேண்டுமானாலும் கடைக்குப் போய் வாங்கி, மத்தியானமே கடலில் குதிக்கலாம். கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. சான் டியாகோ அருகே ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் கான்ராட் லிம்பா என்ற உயிரியல் மாணவர் 1951 வாக்கில் ஆராய்ச்சியாளர்களுக்காக ஒரு முறையான பயிற்சியை வகுத்தார். தனியாக இறங்காதே என்பது அதில் அடிப்படை விதி. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் பூங்கா, பொழுதுபோக்குத் துறையில் வேலை பார்த்த ஆல் டில்மன் போன்றவர்கள் ஸ்கிரிப்ஸ் போய் அவரிடம் கற்றுக்கொண்டு வந்து, 1955ல் பொதுமக்களுக்குச் சொல்லித்தர ஆசிரியர்களை உருவாக்கினார்கள். இன்று உலகம் முழுக்க டைவிங் சர்டிபிகேட் தரும் அமைப்புகள் பலவற்றின் பாடத்திட்டத்துக்கு மூலம் இதுதான்.

லிம்பாவின் ஆராய்ச்சி என்ன தெரியுமா? ஒரு மீன் இன்னொரு மீனின் மேல் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்று சுத்தம் செய்யும் பழக்கம். ஒன்றுக்கொன்று உதவும் உயிர்கள். அவர் 1960 மார்ச்சில் பிரான்சில் காசிஸ் அருகே போர்-மியூ என்ற நீரடிக் குகைக்குள் ஒரு கூட்டாளியோடு இறங்கினார். உள்ளே இருவரும் பிரிந்துவிட்டார்கள். அவர் வெளியே வரவில்லை. உடல் சில நாள் கழித்துத்தான் கிடைத்தது. கூட்டாளி முறையை அமெரிக்காவுக்குப் பாடமாக்கியவர் கூட்டாளியைத் தவறவிட்டு இறந்தார். இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சரி, அந்தக் காலத்தில் காற்று தீர்ந்தால் என்ன செய்வார்கள்? பிரஷர் கேஜை மாட்டிக்கொண்டு இறங்கும் வழக்கமே அப்போது பரவவில்லை. எவ்வளவு மிச்சம் என்று தெரியாது! பெட்ரோல் முள் இல்லாத பைக் மாதிரி. அதற்குப் பதிலாக ஜே வால்வு என்று ஒன்று இருந்தது. (கம்பெனியின் விலைப்பட்டியலில் ஜே என்ற எழுத்துக்கு நேரே இருந்ததால் அந்தப் பெயர். கே என்று சாதாரண வால்வு. பெயர் வைக்கும் கலையைப் பாருங்கள்.) அழுத்தம் குறைந்ததும் மூச்சு இழுக்கக் கடினமாகும், முதுகுப் பக்கம் இருக்கும் கம்பியைக் கீழே இழுத்தால் ஒதுக்கி வைத்த கடைசிக் காற்று திறக்கும். பழைய பைக்கில் ரிசர்வ் போடுகிறோமே, அதேதான். அதே தொல்லையும்: எங்கேயாவது இடித்துக் கம்பி முன்னாலேயே இறங்கியிருந்தால் ரிசர்வும் தெரியாமலே தீர்ந்திருக்கும். வண்டி என்றால் தள்ளிக்கொண்டு போகலாம்.

ரிசர்வும் போனால் கடைசி வழி கூட்டாளி. இருவரும் ஒரே மவுத்பீஸில் மாற்றி மாற்றிச் சுவாசிப்பது. 1950கள், 60களில் டைவிங் படித்த எல்லோரும் இதைச் செய்து காட்டித்தான் தேற வேண்டும். எதிரெதிரே நின்று ஒருவர் பட்டையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று வைத்திருப்பவர் இரண்டு மூச்சு இழுத்துவிட்டுக் கொடுப்பார். வாங்கியவர் இரண்டு மூச்சு இழுத்துவிட்டுத் திருப்பித் தருவார். வாயில் மவுத்பீஸ் இல்லாதவர் மூச்சைப் பிடிக்காமல் சிறு குமிழிகளாக ஊதிக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் இருவரும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறார்கள். நீச்சல் குளத்தில் பார்க்க நடனம் மாதிரி அழகாக இருக்கும். 1958 முதல் 1961 வரை ஓடிய சீ ஹன்ட் என்ற அமெரிக்க டிவி தொடர் வேறு வீட்டுக்கு வீடு இந்த சாகசத்தை ஆசை காட்டியது.

அந்த இரட்டைக் குழாய் ரெகுலேட்டரில் இது இன்னும் சிரமம். குழாய்கள் குட்டை, கூட்டாளியின் முகத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கைமாறும்போது தண்ணீர் புகுந்தால் ஊதி, உடலைச் சாய்த்து வெளியேற்ற வேண்டும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னின் டெட் எல்ட்ரெட் 1952ல் போர்ப்பாய்ஸ் என்ற ஒற்றைக் குழாய் ரெகுலேட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அழுத்தத்தை இரண்டு கட்டமாகக் குறைப்பது. முதல் கட்டம் சிலிண்டர் மேல், இரண்டாம் கட்டம் வாயில், நடுவே ஒரே மெல்லிய குழாய். இன்று நாம் பார்க்கும் எல்லா ரெகுலேட்டரும் அந்த வம்சம்தான். ஆக்டோபஸ் சாத்தியமானதும் இதனால்தான். முதல் கட்டத்தில் இன்னொரு துளை இருந்தால் இன்னொரு குழாயை மாட்டிவிடலாம். இரட்டைக் குழாயில் அதற்கு இடமே இல்லை. அதனால் எல்ட்ரெட்டுக்குக் கூஸ்தோவுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்காவது கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மாற்றிச் சுவாசிப்பதன் உண்மையான ஓட்டை கருவியில் இல்லை, மனதில். மூச்சு முட்டிக்கொண்டிருப்பவன் இரண்டே மூச்சு இழுத்துவிட்டு வாயில் இருப்பதைக் கழற்றி இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். உடம்பில் உள்ள ஒவ்வொரு அணுவும் கொடுக்காதே என்று கத்தும் நேரத்தில். திருப்பித் தரவில்லை என்றால் இப்போது காற்றில்லாதவர் காப்பாற்ற வந்தவர். ஒருவர் சாக வேண்டிய விபத்தில் இரண்டு பேர் செத்த சம்பவங்கள் இப்படித்தான் நடந்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் கிளென் எக்ஸ்ட்ராம் இதை ஆராய்ந்தார். ஒரு ஜோடி தப்பில்லாமல் செய்ய 17 முதல் 21 தடவை சரியாகச் செய்து பழக வேண்டும், பிறகு மூன்று மாதம் பயிற்சி விட்டுப்போனால் மறுபடி தடுமாறுகிறார்கள் என்று தெரிந்தது. வகுப்பில் நாலைந்து தடவை செய்து சர்டிபிகேட் வாங்கி, அடுத்த வருஷம் லீவில் முன்பின் தெரியாத ஒருவரோடு இறங்குபவர் கதியை யோசியுங்கள்.

விடை பஹாமாஸிலிருந்து வந்தது. மேலே சொன்ன ஆல் டில்மனும் டேவ் உட்வர்டும் 1965ல் கிராண்ட் பஹாமா தீவின் ஃப்ரீபோர்ட்டில் அன்எக்ஸோ என்ற டைவிங் மையத்தைத் தொடங்கினார்கள். 1966ல் அங்கேதான் பிரான்சின் ஜாக் மயோல் ஒரே மூச்சில் 60 மீட்டர் இறங்கி சாதனை செய்தார். சிலிண்டர் எதுவும் இல்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஆழத்தில் அவருக்கு ஏதாவது ஆனால் உதவ ஸ்கூபா மாட்டிய பாதுகாப்பு டைவர்கள் நிற்க வேண்டும். இங்கே மாற்றிச் சுவாசிப்பது செல்லாது என்பது பளிச்சென்று தெரியும். மயங்கும் நிலையில் இருப்பவரிடம் இரண்டு மூச்சு இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடு என்று எப்படிச் சொல்வது? 1965-66 வாக்கில் உட்வர்ட் பாதுகாப்பு டைவர்களின் சிலிண்டரில் இரண்டாவதாக ஒரு மவுத்பீஸைக் குழாயோடு மாட்டினார். ஆக்டோபஸ் பிறந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அது தனக்காகச் செய்த கருவி அல்ல. கொடுப்பதற்கென்றே செய்தது. கொடுப்பவர் தன் மூச்சை விட்டுத்தர வேண்டியதில்லை, வாங்கியவர் திருப்பித் தர வேண்டியதில்லை. தியாகத்தையும் நாணயத்தையும் நம்பியிருந்த ஒரு ஏற்பாட்டை ஒரு மீட்டர் ரப்பர் குழாய் மாற்றிவிட்டது.

உடனே எல்லோரும் மாட்டிக்கொண்டார்களா? இல்லை. செலவு ஒரு காரணம். இரண்டாவது மவுத்பீஸ் சும்மா வராது. பழைய முதல் கட்டங்களில் கூடுதல் துளைகளும் குறைவு. இத்தனைக்கும் மேல் ஒரு மனப்பான்மை: திறமைசாலிக்கு எதற்கு இதெல்லாம்? ஹெல்மெட் போடச் சொன்னால் நம்ம பசங்க சொல்வதுதான். 1977 டிசம்பரில் அமெரிக்காவின் பெதஸ்டாவில் மருத்துவர்களும் பயிற்சி அமைப்புகளும் கூடி, அவசரத்தில் மேலே வருவதை எப்படிக் கற்றுத்தருவது என்று தனிக் கருத்தரங்கே நடத்தினார்கள். பயிற்சியே ஆபத்து என்று ஒரு கட்சி, பயிற்சி இல்லாததுதான் ஆபத்து என்று இன்னொரு கட்சி. ஆக்டோபஸ் பரவப் பரவ இந்தச் சண்டையின் சூடு குறைந்தது. பெரிய பயிற்சி அமைப்புகள் உபரிக் காற்று வழியைக் கட்டாயம் ஆக்கின. மாற்றிச் சுவாசிப்பது மெல்ல மெல்ல ஆரம்பப் பாடத்திலிருந்து வெளியேறியது.

இதைக் கடைசி வரை தர்க்கத்தோடு கொண்டுபோனவர்கள் ஃபுளோரிடாவின் குகை டைவர்கள். கடலில் என்றால் நேரே மேலே போகலாம். குகையில் மேலே பாறை. வந்த வழியே நூற்றுக்கணக்கான மீட்டர் திரும்பி நீந்தினால்தான் வானம். 1960கள், 70களில் அந்த ஊற்றுகளில் நிறைய இளைஞர்கள் செத்தார்கள். ஷெக் எக்ஸ்லி என்ற கணக்கு வாத்தியார் (நிஜமாகவே பள்ளிக்கூட வாத்தியார்) அந்த விபத்துகளை ஒவ்வொன்றாக அலசி 1979ல் ஒரு சிறு புத்தகம் போட்டார். வெளியே வரை தொடர்ந்து செல்லும் வழிக்கயிறு இல்லாதது, காற்றை மூன்றாகப் பிரிக்காதது, அளவுக்கு மீறி ஆழம் போனது. சாவுக்குக் காரணமாகத் திரும்பத் திரும்ப வந்தவை இவைதான்.

மூன்றாகப் பிரிப்பது என்ன? உள்ளே போக ஒரு பங்கு, வெளியே வர ஒரு பங்கு, மூன்றாம் பங்கைத் தொடக்கூடாது. அது கூட்டாளியின் பங்கு. மிகத் தொலைவான இடத்தில் அவர் காற்று முழுதும் போனாலும் இருவரும் வெளியே வர அது போதும். உபரி மவுத்பீஸ் இருந்து அதற்குள் காற்று இல்லை என்றால் வெறும் ரப்பரைத்தானே கொடுப்போம்?

குகைக்காரர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். பதறியவன் விலாப்பக்கம் இருக்கும் மஞ்சள் மவுத்பீஸைத் தேட மாட்டான். கண்முன்னே வேலை செய்துகொண்டிருக்கும் ஒன்று தெரிகிறது, உங்கள் வாயில் இருப்பது. அதைத்தான் பிடுங்குவான். சரி, பிடுங்கட்டும் என்று அதையே திட்டமாக்கினார்கள். வாயில் இருப்பதற்கு ஏழடி நீளக் குழாய், உடம்பைச் சுற்றி வைத்திருப்பார்கள். உபரியை ரப்பர் வளையத்தில் கழுத்தில் தொங்கவிடுவார்கள், தாடைக்குக் கீழே. வந்து கேட்பவருக்கு வாயில் இருப்பதையே கொடுத்துவிட்டு, குனிந்து கழுத்தில் இருப்பதைக் கவ்விக்கொள்ள வேண்டியதுதான். கொடுத்தது நிச்சயம் வேலை செய்யும், ஏனென்றால் ஒரு நொடி முன்பு நீங்களே அதில் சுவாசித்தீர்கள். குழாய் நீளம் என்பதால் குறுகலான சந்தில் இருவரும் முன்பின்னாகப் போகலாம். சாதாரணக் கடல் டைவர்களிலும் இன்று பலர் இந்த முறைக்கு மாறியிருக்கிறார்கள். மனிதன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பார்க்காமல் எப்படி நடந்துகொள்வான் என்று பார்த்துச் செய்த டிசைன். எங்கள் டிசைன் வகுப்பில் இதை உதாரணமாகச் சொல்லியிருந்தால் நான் தூங்கியிருக்க மாட்டேன். :-)

மற்ற வழிகளும் வந்தன. மிதவைச் சட்டையில் காற்றடைக்கும் குழாயின் நுனியிலேயே உபரி மவுத்பீஸைச் சேர்த்தார்கள். ஒரு குழாய் மிச்சம். தனியே ஒரு குட்டிச் சிலிண்டரைச் சொந்த ரெகுலேட்டரோடு சுமப்பது இன்னொன்று. கூட்டாளியை நம்பவே வேண்டாம் என்பவர்களின் தேர்வு அது. ஸ்பேர் ஏர் என்ற உள்ளங்கைச் சிலிண்டரின் பெரிய அளவில் சுமார் 85 லிட்டர் காற்று. மேலே போட்ட கணக்கை எடுங்கள்: 30 மீட்டரில் நாலு மடங்கு அழுத்தம், நிமிடத்துக்கு 80 லிட்டர், ஆக ஒரு நிமிடச் சொச்சம். பதறினால் அதுவும் இல்லை. ஆழம் குறைந்தால் உதவும், ஆழத்தில் அதை நம்பி இறங்க நான் மாட்டேன் (முழங்கால் ஆழக்காரன் சொல்கிறேன்).

ஆக்டோபஸிலும் ஓட்டை உண்டு. இருவருக்கும் ஒரே முதல் கட்டம்தான் காற்றைத் தருகிறது. ஐரோப்பாவின் குளிர்ந்த ஏரிகளில் இரண்டு பேர் வேகமாக இழுக்கும்போது, காற்று விரிவதால் குளிர்ந்து, வால்வில் பனி உறைந்து திறந்தபடியே நின்றுவிடலாம். அப்புறம் இரண்டு பேரின் காற்றும் குமிழியாகப் பறக்கும். சரியாகச் செருகாமல் இழுபட்டு வரும் ஆக்டோபஸுக்குள் மணல் புகும். 50 பாரில் மேலேறத் தொடங்க வேண்டும் என்ற வழக்கத்தையும் கணக்குப் போடலாம். 12 லிட்டர் சிலிண்டரில் 50 பார் என்றால் 600 லிட்டர். 20 மீட்டரில் பதறிய இருவர் ஆளுக்கு 40 லிட்டர் வீதம் இழுத்தால் நிமிடத்துக்கு 240 லிட்டர். இரண்டரை நிமிடம். மேலே வரவே இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டும் என்று பார்த்தோம். ஏற ஏற அழுத்தம் குறைவதால் கொஞ்சம் கூடுதலாக வரும், ஆனால் ஒருவரை ஒருவர் பிடித்து, கொடுத்து வாங்கி, நிதானத்துக்கு வர ஆகும் நேரத்தை அது விழுங்கிவிடும்.

டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் அமைப்பின் ஆராய்ச்சியாளர்கள் 1992 முதல் 2003 வரை நடந்த 947 ஸ்கூபா மரணங்களை அலசி 2008ல் வெளியிட்டார்கள். எது முதலில் தவறியது என்று தெரிந்தவற்றில் 41 சதவீதத்துக்குத் தொடக்கம் காற்று தீர்ந்தது அல்லது போதாமல் போனது. கருவிக் கோளாறு 15 சதவீதம்தான். இவை நடந்ததெல்லாம் ஆக்டோபஸ் சாதாரணமாகிவிட்ட காலத்தில், பிரஷர் கேஜ் எல்லோர் கையிலும் இருந்த காலத்தில்.

1990களின் கடைசியில் ஒரு பயிற்சி அமைப்பு தனியாக டைவ் செய்யவே சர்டிபிகேட் தரத் தொடங்கியது. கூட்டாளி என்பவர் பல நேரம் படகில் அன்று காலை அறிமுகமான அந்நியர்தானே, அவரை நம்புவதை விடக் குட்டிச் சிலிண்டரை நம்பலாம் என்பது அவர்கள் வாதம். எதிர்க்கட்சி சொல்வது: சிலிண்டர் உங்களுக்குக் காற்று தரும், வலையில் மாட்டிய காலை அது வெட்டிவிடாது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. என் ஓட்டு கூட்டாளிக்குத்தான், ஆனால் இறங்கும் முன் படகிலேயே அவருடைய ஆக்டோபஸை வாயில் வைத்து ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துவிடுவேன்.

ஷெக் எக்ஸ்லியைப் பற்றி ஒன்று பாக்கி. 1994 ஏப்ரல் 6 அன்று மெக்சிகோவின் சகதோன் என்ற ஆழக் கிணற்றில் 300 மீட்டரைத் தொட அவரும் ஜிம் பௌடனும் இறங்கினார்கள். ஒரே நேரத்தில், ஒரே நீரில், ஆனால் ஆளுக்கொரு கயிற்றில், தனித்தனியாக. அந்த ஆழத்தில் அடுத்தவருக்குக் கொடுக்கும் அளவு காற்றைச் சுமப்பது யாராலும் ஆகாது. பௌடன் 282 மீட்டரில் தன் காற்று வேகமாகக் குறைவதைப் பார்த்துத் திரும்பிவிட்டார். மேலேறி, மணிக்கணக்காக அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு காத்திருந்தபோதுதான் பக்கத்துக் கயிற்றில் எக்ஸ்லி வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. சில நாள் கழித்துக் கயிற்றை இழுத்தபோது உடலும் கூடவே வந்தது, கயிறு அவரைச் சுற்றியிருந்தது.